அமெரிக்கக் கல்லூரிப் பட்டியல்: நூறு ஆண்டுக் கதை



கொஞ்சம் நீளமான பதிவு இது. அவசரமாகப் புரட்டாமல், ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

செப்டம்பர் பிறந்தால் அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவர்களிடமிருந்து ஒரே மாதிரியான செய்திகள் வரத் தொடங்கும். "சார், பெரியவன் பன்னிரண்டாவது வந்துட்டான். எத்தனை காலேஜுக்கு அப்ளை பண்ணணும்னே தெரியல." "ஐயா, மார்க்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஸ்கூல் கவுன்சலர் எதுக்கும் உறுதி சொல்ல மாட்டேங்கிறாங்க." ஏப்ரல் பிறந்தால் கேள்வி மாறிவிடும்: "இவ்வளவு மார்க் வாங்கியும் ஏன் சார் கிடைக்கல?"

நான் கல்லூரி ஆலோசகன் இல்லை, வரலாறு நடத்தியவன். ஆனால் இந்தக் கேள்விகளுக்கான விடை வரலாற்றுப் பாடத்தில்தான் இருக்கிறது. அமெரிக்க மாணவன் ஏன் பத்துப் பன்னிரண்டு கல்லூரிகளைப் பட்டியல் போடுகிறான், அதில் ஏன் 'ரீச்', 'மேட்ச்', 'சேஃப்டி' என்று மூன்று படி வைக்கிறான் என்பதற்கு நூறு ஆண்டுக் கதை உண்டு. அது தெரிந்தால் பட்டியலும் நன்றாக அமையும், வீட்டில் கண்ணீரும் குறையும்.

முதலில் நாம் வந்த வழியை நினைத்துக்கொள்வோம். உங்களில் மூத்தவர்கள், 1984 முதல் 2006 வரை இங்கே நடந்த தொழிற்கல்வி நுழைவுத் தேர்வை எழுதியவர்கள். அடுத்து வந்தவர்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200க்குக் கட்-ஆஃப். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வுக் கூடத்தில், திரையில் இடங்கள் குறையக் குறைய அப்பாக்களின் முகம் மாறியது உங்களுக்கு மறந்திருக்காது. 2018இல் பொறியியல் கலந்தாய்வு இணையத்துக்குப் போனது. எந்த வடிவத்திலும் விதி ஒன்றுதான். ரேங்க்கில் முந்தியவர் முதலில் எடுப்பார். பிடித்த கல்லூரியை மேலே போடுவதால் நஷ்டமே கிடையாது; அது இல்லாவிட்டால் அடுத்தது. போன வருஷம் எந்தக் கல்லூரி எத்தனையில் முடிந்தது என்று பார்த்தால் முடிவும் ஏறக்குறையத் தெரிந்துவிடும். நம் மனதில் 'அட்மிஷன்' என்றால் இதுதான். இந்தக் கண்ணாடியோடு அமெரிக்காவைப் பார்ப்பதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

அமெரிக்காவும் ஒரு காலத்தில் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒவ்வொரு கல்லூரியும் தானே ஒரு தேர்வு வைக்கும். லத்தீன், கிரேக்கம், கணிதம் தெரிந்தால் இடம் உண்டு. கல்லூரிக்குக் கல்லூரி பாடம் வேறாக இருந்ததால் பள்ளிகள் திணறின. அந்தத் திணறலுக்கு மருந்தாக 1900இல் 'காலேஜ் போர்டு' என்ற பொதுத் தேர்வு அமைப்பு உருவானது. 1901 ஜூனில் நடந்த அதன் முதல் தேர்வை எழுதியவர்கள் 973 பேர். அன்று ஹார்வர்டிலும் யேலிலும் பெரிய போட்டி கிடையாது. தேறினால் சேர்த்துக்கொள்வார்கள், ஒன்றிரண்டு பாடத்தில் தேறாவிட்டாலும், பிறகு எழுதிக்கொள் என்று சேர்த்துக்கொண்டதும் உண்டு. பணமும் பழக்கமும் உள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் கல்லூரி வாசலுக்கே வந்தார்கள் என்பது வேறு விஷயம். அந்தக் காலத்துப் பையனுக்குப் பட்டியலே தேவைப்படவில்லை. ஒரு கல்லூரி, ஒரு தேர்வு, அவ்வளவுதான்.

இந்த வழக்கம் 1920களில் உடைந்தது. உடைந்த காரணம் பெருமைப்படும்படியானது அன்று.

கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள். தேர்வுதான் அளவுகோல் என்றால் அவர்களைத் தடுக்க வழியில்லை. ஹார்வர்டில் யூத மாணவர்கள் 1900இல் 100க்கு 7 பேர் என்ற அளவில் இருந்தார்கள். 1922இல் 21க்கு மேல் வந்துவிட்டார்கள். அப்போதைய தலைவர் லாரன்ஸ் லோவல் அவர்களுக்கு ஒரு உச்சவரம்பு வைக்க விரும்பினார். வெளிப்படையான வரம்பை ஆசிரியர் குழு 1923இல் ஏற்கவில்லை. பின்வாசல் திறந்தது. 1926இல், முதலாண்டு வகுப்பில் 1,000 பேருக்கு மேல் இல்லை, மதிப்பெண்ணோடு 'குணநலனும்' பார்க்கப்படும் என்று முடிவானது. விண்ணப்பத்தில் புகைப்படம், மதம், அப்பா பிறந்த ஊர், அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் எல்லாம் கேட்டார்கள். பரிந்துரைக் கடிதம், நேர்காணல், பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குத் தனிச் சலுகை ஆகியவை பெரிய கல்லூரிகளில் வேரூன்றியது இந்தக் காலத்தில்தான். கொலம்பியா, யேல், பிரின்ஸ்டன் எல்லாம் இந்தக் கதையில் உண்டு. அடுத்த சில ஆண்டுகளில் ஹார்வர்டில் யூத மாணவர்களின் விகிதம் கணிசமாகக் குறைந்தது.

ஜெரோம் காரபெல் என்ற சமூகவியலாளர் 2005இல் ஒரு பெரிய நூலில் இந்த வரலாற்றை ஆவணங்களோடு எழுதியிருக்கிறார். இன்று 'ஹோலிஸ்டிக்' என்று அழகாகச் சொல்கிறார்களே, மாணவரை முழுமையாகப் பார்க்கும் முறை, அதன் பிறப்பிடம் இது. பின்னால் அதே முறை ஏழைகளுக்கும் கறுப்பின மாணவர்களுக்கும் கதவைத் திறக்கவும் பயன்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் ஒரு விஷயம் அன்றைக்கு நிலைத்துவிட்டது: காரணம் சொல்லாமல் தேர்ந்தெடுக்கும் உரிமை கல்லூரியின் கைக்குப் போனது.

அதே 1926இல்தான், ஜூன் 23 அன்று, முதல் எஸ்.ஏ.டி. தேர்வும் நடந்தது. எழுதியவர்கள் சுமார் 8,000 பேர். 1933இல் ஹார்வர்டின் தலைவரான ஜேம்ஸ் கோனன்ட், தூரத்து ஊர்களில் இருக்கும் கெட்டிக்காரப் பையன்களுக்கு உதவித்தொகை கொடுத்து அழைத்துவர அந்தத் தேர்வைப் பயன்படுத்தினார். தேர்வு வந்துவிட்டதே, இனி ரேங்க் முறைதான் என்று நினைப்பீர்கள். அதுதான் நடக்கவில்லை. தேர்வு ஒரு ஜன்னலாக வந்தது. வாசல் பழைய காவலாளியிடமே இருந்தது.

அடுத்தது 1944. போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்கு அரசே படிப்புச் செலவு தரும் சட்டத்தில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். சுமார் 22 லட்சம் பேர் அந்தச் சட்டத்தால் கல்லூரிக்குப் போனார்கள். 1947இல் கல்லூரியில் சேர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் முன்னாள் வீரர்கள். அதுவரை மேட்டுக்குடியின் பழக்கமாக இருந்த கல்லூரி, நடுத்தரக் குடும்பத்தின் ஆசையானது. இடத்தைவிட ஆள் அதிகமானார்கள். எங்கே கிடைக்குமோ என்று மாணவர்கள் நாலு இடத்தில் விண்ணப்பித்தார்கள். யார் உண்மையில் வருவார்கள் என்று தெரியாமல் கல்லூரிகள் தவித்தன.

இந்தத் தவிப்பை டேவிட் கேல், லாய்ட் ஷேப்லி என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1962இல் ஒரு சின்னக் கட்டுரையில் எடுத்துக்கொண்டார்கள். மாணவர்கள் தங்கள் விருப்ப வரிசையைக் கொடுக்கட்டும், கல்லூரிகள் தங்கள் வரிசையைக் கொடுக்கட்டும். ஒரு எளிய முறையில் இரண்டையும் பொருத்தினால் யாருக்கும் குறை சொல்ல இடமிருக்காது என்று நிரூபித்தார்கள். ஷேப்லிக்கு 2012இல் பொருளாதார நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றவர்களுக்குப் பயிற்சி மருத்துவமனை ஒதுக்குவது இப்படிப்பட்ட முறையில்தான். நம் கலந்தாய்வும் தூரத்து உறவுதான். ஆனால் அமெரிக்கக் கல்லூரிகள் மட்டும் பொதுவாக இந்தப் பக்கம் வரவில்லை. தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தை விட மனமில்லை. விளைவாக, நிச்சயமின்மை என்ற சுமை பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் ஏறியது. அந்தச் சுமையைத் தாங்கப் பிள்ளைகள் கண்டுபிடித்த சும்மாடுதான் மூன்று படிப் பட்டியல்.

இதற்கு நேர் எதிரான ஓட்டமும் அமெரிக்க வரலாற்றில் உண்டு. அதை நம்மவர்கள் கவனிப்பது குறைவு. 1960இல் கலிபோர்னியா மாநிலம், கிளார்க் கெர் என்ற கல்வியாளர் முன்னின்று உருவாக்கிய பெருந்திட்டத்தை ஏற்றது. மாநிலத்தின் பள்ளி மாணவர்களில் முதல் எட்டில் ஒரு பங்குக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்குக்கு மாநிலக் கல்லூரிகள், மற்ற எல்லோருக்கும் சமுதாயக் கல்லூரிகள். அங்கே நன்றாகப் படித்தால் மேலே மாறிக்கொள்ளவும் வழி. டெக்சஸ் 1997இல் ஒரு சட்டம் போட்டது: மாநிலத்தின் எந்தப் பள்ளியானாலும், வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. ஆஸ்டின் வளாகத்துக்கு மட்டும் அந்த வரம்பு பிறகு 5, 6 சதவீதமாகச் சுருங்கியது. இவை கல்லூரி கொடுக்கும் சலுகைகள் இல்லை. ஒரு மாநிலம் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கு. 'சேஃப்டி' என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் இங்கேதான் இருக்கிறது.

கதையின் கடைசிப் பகுதி உங்கள் காலத்தது. 1975இல் 15 தனியார் கல்லூரிகள் சேர்ந்து 'காமன் அப்ளிகேஷன்' என்ற பொது விண்ணப்பத்தைத் தொடங்கின. ஒரே படிவத்தை நிரப்பிப் பல இடங்களுக்கு அனுப்பலாம். 1998இல் அது இணையத்துக்கு வந்தது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் இருக்கின்றன. ஒரு மாணவர் 20 வரை அனுப்பலாம். இதற்கிடையே 1983இல் 'யு.எஸ். நியூஸ்' பத்திரிகை கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தத் தொடங்கியது. எத்தனை பேரைத் திருப்பி அனுப்புகிறது என்பதும் பல ஆண்டுகள் அதில் மதிப்பெண் பெற்றது; 2018இல்தான் அந்தக் கணக்கை நீக்கினார்கள். அனுப்புவது சுலபம் ஆனதால் விண்ணப்பம் கூடியது. விண்ணப்பம் கூடியதால் சேர்க்கை விகிதம் குறைந்தது. விகிதம் குறைந்ததைப் பார்த்துப் பயந்து பிள்ளைகள் இன்னும் நாலு இடத்துக்கு அனுப்பினார்கள். செக்குமாட்டுச் சுற்று.

2021இல் ஹார்வர்டில் நுழைய விண்ணப்பித்தவர்கள் 57,435 பேர். இடம் கொடுத்தது 1,968 பேருக்கு. அமெரிக்காவில் 20,000க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளியிலும் முதல் மாணவர் ஒருவர் இருப்பாரே! அவர்களுக்கு மட்டுமே அந்த இடங்கள் பத்து மடங்கு போதாது. 'இவ்வளவு மார்க் வாங்கியும் ஏன்' என்ற கேள்விக்கு விடை இதுதான். அங்கே மார்க் என்பது வரிசையில் நிற்க அனுமதிச் சீட்டு. உள்ளே யார் என்பதை இசைக்குழுவுக்கு ஆள் தேவையா, எந்த மாநிலத்துக்காரர் குறைவு, யார் பழைய மாணவர் வீட்டுப் பிள்ளை என்று ஆயிரம் கணக்குகள் முடிவு செய்கின்றன. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடை செய்தது. மற்ற கணக்குகளை அந்தத் தீர்ப்பு தடை செய்யவில்லை.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். பியூ ஆய்வு மையம், 2017ஆம் ஆண்டுக்கான நான்கு ஆண்டுக் கல்லூரிகள் 1,364ஐ ஆராய்ந்தது. 100க்கு 10 பேருக்கும் குறைவாகச் சேர்த்துக்கொண்டவை வெறும் 17. விண்ணப்பித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அல்லது அதற்கு மேல் சேர்த்துக்கொண்டவை பாதிக்கும் மேல். நம் வீடுகளில் பேச்செல்லாம் அந்தப் பதினேழைப் பற்றித்தான். மீதி 1,347 கல்லூரிகளும் கண்ணுக்கே தெரிவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன் தன் மகளின் பட்டியலை எனக்கு அனுப்பினான். பதினான்கு பெயர்கள். பதின்மூன்று அந்தப் பதினேழு ரகம். பதினான்காவது, சொந்த மாநிலத்துப் பல்கலைக்கழகம். சும்மா இருக்கட்டும் என்று சேர்த்தது. அந்தப் பெண் அதைப் போய்ப் பார்த்ததுகூட இல்லை. பதின்மூன்று இடத்துக்குப் போட்டால் ஒன்றாவது விழாதா என்பது வீட்டுக் கணக்கு. லாட்டரிச் சீட்டுக்கு அந்தக் கணக்கு சரி. கல்லூரிக்குச் சரிவராது. அந்தப் பதின்மூன்று பேரும் ஒரே விண்ணப்பத்தை ஏறக்குறைய ஒரே கண்ணால் படிக்கிறார்கள். ஒருவருக்குக் குறையாகப் பட்டது மற்றவருக்கும் படும். மார்ச் கடைசியில் பதின்மூன்று கதவும் மூடின. பதினான்காவது திறந்திருந்தது. நல்ல பல்கலைக்கழகம். ஆனால் அந்த வீட்டில் இரண்டு வாரம் யாரும் சரியாகப் பேசவில்லை. ஊருக்கு என்ன சொல்வது என்று அம்மா கவலைப்பட்டாள். நன்றாகப் படித்த பெண், தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். எனக்கு வருத்தம் அதில்தான். அவள் செய்த தப்பு ஒன்றுமில்லை. நூறு ஆண்டு வரலாற்றை ஒரு குழந்தை தன் தோல்வி என்று எடுத்துக்கொண்டது.

அதனால், கீழிருந்து மேலாகப் பட்டியல் போடுங்கள் என்பேன். வீடு கட்டுகிறவன் மொட்டை மாடியிலிருந்தா ஆரம்பிப்பான்?

முதலில் சேஃப்டி, இரண்டோ மூன்றோ. இதற்கு மூன்று சோதனை. சட்டத்தாலோ வெளியிட்ட விதியாலோ இடம் ஏறக்குறைய உறுதியாக இருக்க வேண்டும். கட்டணம் உங்களால் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். பிள்ளை அங்கே சந்தோஷமாகப் போக வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது சேஃப்டி ஆகாது. பாடப்பிரிவையும் பாருங்கள். பல்கலைக்கழகத்தில் இடம் சுலபமாகக் கிடைத்தாலும் கணினி அறிவியலில் கிடைக்காது. இல்லினாய், வாஷிங்டன் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களில் அந்த ஒரு பிரிவு தனி உலகம். டெக்சஸ் சட்டமும் பல்கலைக்கழகத்துக்குத்தான் உறுதி தருகிறது, பிரிவுக்கு இல்லை.

அடுத்தது மேட்ச், நான்கு அல்லது ஐந்து. கல்லூரிகள் 'காமன் டேட்டா செட்' என்ற தகவல் தொகுப்பை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. சேர்ந்தவர்களில் நடுப்பகுதி மாணவர்களின் மதிப்பெண் எதிலிருந்து எதுவரை என்று அதில் இருக்கும். உங்கள் பிள்ளை அந்த நடுவில் அல்லது சற்று மேலே இருந்து, கல்லூரியும் கணிசமான பேரைச் சேர்த்துக்கொள்வதாக இருந்தால் அது மேட்ச்.

கடைசியாக ரீச், இரண்டு மூன்று போதும். 100க்கு 15 பேருக்கும் குறைவாக எடுக்கும் கல்லூரி, எவ்வளவு மார்க் வாங்கிய பிள்ளைக்கும் ரீச்தான். 'என் பையனுக்கு ஸ்டான்ஃபோர்ட் மேட்ச்' என்று யாரும் சொல்லாதீர்கள்.

பணப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள். 2011 முதல், அரசு நிதியுதவித் திட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையப் பக்கத்தில் 'நெட் பிரைஸ் கால்குலேட்டர்' வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அச்சிட்ட கட்டணம் வேறு, உங்கள் குடும்பம் கட்டப்போவது வேறு. விண்ணப்பிக்கும் முன்பே போட்டுப் பாருங்கள். எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. அவர்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கிடைத்தால் கட்டாயம் சேருவேன் என்று முன்கூட்டியே கையெழுத்திடும் 'எர்லி டிசிஷன்' முறையில், நாலு கல்லூரியின் உதவித்தொகையை வைத்து ஒப்பிட முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

பெரிய பெயர் இல்லாவிட்டால் வாழ்க்கை போய்விடுமா? ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர், 1976இல் கல்லூரியில் சேர்ந்தவர்களைப் பல ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். கடும் போட்டி உள்ள கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்கள், பெரிய கல்லூரிக்குப் போனவர்களுக்கு ஈடாகவே சம்பாதித்தார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரியால் தெளிவான லாபம் இருந்தது. 2023இல் ராஜ் செட்டியும் சகாக்களும் செய்த ஆய்வு இன்னொரு பக்கத்தையும் காட்டியது: ஐவி லீக் ரகக் கல்லூரியால் சராசரி வருமானம் பெரிதாகக் கூடவில்லை, ஆனால் நாட்டின் உச்சி ஒரு சதவீதத்தில் ஏறும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே ரீச் வீண் என்று சொல்லவில்லை. ஆசைப்படட்டும், விண்ணப்பிக்கட்டும். அது கிடைத்தால்தான் மரியாதை என்ற எண்ணம்தான் வேண்டாம். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கைத் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் லாங் பீச் மாநிலக் கல்லூரிக்குப் போனார். பாதியில் விட்ட பட்டத்தை 2002இல் அங்கேயே முடித்தார்.

பெற்றோர்களே, விண்ணப்பம் அனுப்பும் முன் ஒரு மாலை பிள்ளையோடு உட்காருங்கள். பட்டியலின் கடைசிப் பெயரைச் சத்தமாக வாசித்து, "இங்கே மட்டும் கிடைத்தால் என்ன படிப்பாய், எங்கே தங்குவாய்?" என்று கேளுங்கள். பிள்ளை உற்சாகமாகப் பதில் சொன்னால் பட்டியல் தயார். முகம் வாடினால் அந்தப் பெயரை அடித்துவிட்டு வேறொன்று தேடுங்கள். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. நீங்களும் அந்தப் பெயரை உறவினர்களிடம் பெருமையாகச் சொல்லிப் பழகுங்கள். ஏப்ரலில் அது உதவும்.

விண்ணப்பிக்கும் பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் என் ஆசீர்வாதம். எங்கே சேர்ந்தாலும் எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்